இரண்டாம் தாளின் எட்டு

முதல் தாள் முடிந்தது. பதினெட்டு பார் இசைக்குறிப்பு, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது, எழுபத்து நாலு வயசுக் கைக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று பேனாவை மூடி வைத்துவிட்டு மை காய்வதற்காகத் தாளின் மேல் ஊதுகிறேன், ஹாலில் ஹெப்சி வயலினுக்குச் சுருதி சேர்க்கிறாள், அவள் அம்மாவின் வயலின், ஒரு வருஷமாகப் பெட்டியிலேயே கிடந்ததில் பிருடைகள் பிடிவிட்டுப் போய் ஏற்ற ஏற்ற இறங்குகிறது, இவளும் விடாமல் ஏற்றுகிறாள், பிடிவாதத்தில் அம்மா மாதிரி, இல்லை, ரஞ்சிக்குப் பிடிவாதம் கிடையாது, பிடிவாதம் என்னுடையது, "அப்பா, முடிஞ்சுதா?" என்று இரண்டு தடவை கேட்டாகிவிட்டது, முடியும் முடியும், அவசரப்பட்டால் காப்பியிஸ்ட் வேலை ஓடாது, முப்பது வருஷம் சினிமா ரெக்கார்டிங்கில் மாஸ்டர் எழுதித் தள்ளுகிற ஸ்கோரிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பார்ட் பிரித்து எழுதிக் கொடுத்தவன் நான், சாலமோன் எழுதின பார்ட்டில் தப்பு இருக்காது என்று கோடம்பாக்கத்தில் பேச்சு, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு மிதப்பு, இன்றைக்கும் அந்த மிதப்போடுதான் உட்கார்ந்திருக்கிறேன், பனியனும் லுங்கியுமாக, சாப்பாட்டு மேஜையில், காலை பத்து மணிக்கு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளையோடு ரஞ்சி போய் ஒரு வருஷம் ஆகிறது.

சோலோ வயலின் என்று எழுதி அதன் கீழே கிரேஸ் ரஞ்சிதம் என்று எழுதியிருக்கிறேன், பழைய தாளில், என் கையெழுத்தில், பார்ட்டில் ஆள் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை, வாத்தியத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வோம், அன்றைக்கு மட்டும் எழுதினேன், பதினோரு வருஷம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தோடு கூட்டமாக வாசித்த என் மனைவிக்குக் கிடைத்த முதல் சோலோ, பெருமை தாங்கவில்லை, எழுதிவிட்டேன். அதுவே கடைசியும். நேற்று சாயந்தரம் கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் வராததுமாக ஹெப்சி பெட்டியைத் திறந்து துடைத்தபோது வெல்வெட்டுக்கு அடியில் நாலாக மடித்து வைத்த இந்த இரண்டு தாள்கள் கிடைத்தன, மடிப்பில் உதிர்கிறது, "நான் தொட மாட்டேன்ப்பா, நீங்களே பாத்து எழுதிக் குடுங்க, ஞாயித்துக்கெழம ஆராதனைல இதத்தான் வாசிக்கப் போறேன்" என்றாள், போதகரிடமும் போனில் பேசிவிட்டாள், சினிமாப் பாட்டா என்று அவர் இழுத்தாராம், படமே வெளிவரலை ஐயா, யாருக்கும் தெரியாது என்றாளாம். உண்மைதான். படம் பாதியில் நின்றது, பாட்டும் எங்கோ ஒரு டேப்பில் கிடந்து செத்தது, இந்த இரண்டு தாளைத் தவிர அந்த இசை உலகத்தில் வேறெங்கும் இல்லை. "வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த எட்டுக் கதையச் சொல்லப் போறேன்ப்பா, எல்லாரும் கொஞ்சம் சிரிக்கட்டும், அழுதுக்கிட்டே இருந்தா அம்மாவுக்குப் பிடிக்காது" என்றாள். சொல்லு சொல்லு என்று நானும் சிரித்தேன். அன்றைக்கு அந்த ரெக்கார்டிங் ஹாலில் இருந்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், நாளைக்கு வருவார்கள், அவர்களும் சிரிப்பார்கள்.

எட்டுக் கதை எங்கள் வீட்டுக் கதை. வயலின் மேலே ஏறிப் போகும்போது ஐந்து கோட்டுக்குள் சுரங்கள் அடங்காது, மேலே துண்டுக்கோடு போட்டுப் போட்டு ஏற்ற வேண்டும், நாலைந்து துண்டுக்கோடு ஆகிவிட்டால் வாசிக்கிறவனுக்குக் கண்ணைக் கட்டும், எழுதுகிறவனுக்குக் கை கடுக்கும், அதனால் சுரங்களைச் சௌகரியமாகக் கீழே எழுதிவிட்டுத் தலைக்குமேல் ஓர் எட்டைப் போட்டு அதிலிருந்து விட்டு விட்டு ஒரு கோடு இழுப்போம், இந்தக் கோடு போகிற மட்டும் எழுதியிருப்பதற்கு ஒரு ஸ்தாயி மேலே வாசி என்று அர்த்தம், கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி, பக்கத்தில் லோகோ என்று ஓர் இத்தாலிய வார்த்தை, இனிமேல் எழுதின இடத்திலேயே வாசி என்று பொருள். தாள் மாறினால் எட்டை மறுபடி போட்டாக வேண்டும், அது சட்டம், போடாவிட்டால் வாசிக்கிறவன் இறங்கிவிடுவான், அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. இரண்டு ஸ்தாயி மேலே என்றால் பதினாறு போட மாட்டார்கள், பதினைந்துதான், ஏனென்றால் முதல் எட்டின் கடைசிச் சுரமே அடுத்த எட்டுக்கு முதல் சுரம், கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது ரஞ்சி யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பேர் சேந்தா ஒண்ணு கணக்குல வராதுன்னு சொல்லுங்க" என்றாள், நான் ஏதோ பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கதை என்னவென்றால், கிடைத்த ஒரே சோலோவில் ரஞ்சி எட்டைக் கோட்டை விட்டாள், மேலே வாசிக்க வேண்டியதைக் கீழே வாசித்தாள், டேக் போயிற்று, அதோடு சோலோ கிடைப்பதும் போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் எது மறந்தாலும் எட்டுதான். ரசத்தில் உப்பு இல்லையா, எட்டு. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டாளா, எட்டு. ஹெப்சி பேசப் பழகினதே எட்டு எட்டு என்று அம்மாவைக் கேலி செய்துதான், ரஞ்சியும் சிரிப்பாள், ஒரு நாள்கூட முகம் வாடினதில்லை, போன வருஷம் ஆஸ்பத்திரியில் மத்தியான மாத்திரையைப் போட மறந்து கிடந்தபோதுகூட நான் எட்டு என்றேன், ஆக்சிஜன் குழாய்க்குள்ளிருந்து சிரித்தாள்.

சரி, இரண்டாவது தாள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, மடிப்பைத் தடவிவிட்டு, முதல் வரியைப் பார்க்கிறேன், எடுத்த எடுப்பிலேயே ஒரு கறை, முதல் பாருக்கு மேலே எட்டு இருக்கிற இடத்தில் மை இழுபட்டு ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது, சே, எவன் கை வைத்தது, என் பார்ட்டில் இப்படிக் கறை இருக்காதே என்று எரிச்சல் வந்தது, பிறகு ஞாபகம் வந்தது, வரதன் சார் விரல், வாத்தியக்காரர்களை நடத்துகிற கண்டக்டர் வரதன் சார். அன்றைக்கு மத்தியானம்தான் மாஸ்டர் இரண்டாவது இடையிசையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார், பாடகருக்கு ஏழு மணி பம்பாய் விமானம், அறுபது பேரும் பாடகரும் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் எடுக்கிற காலம், ஒருத்தர் தப்பினால் அறுபது பேரும் முதலிலிருந்து, மற்றவர்களுக்கு எல்லாம் எழுதி முடித்துவிட்டு ரஞ்சியின் சோலோவைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், நிதானமாக எழுதலாம் என்று, நிதானம் எங்கே, முதல் தாளைக் கொடுத்து அவள் அதை வாசித்துப் பழகிக்கொண்டிருக்கும்போதே மானிட்டர் என்கிற ஒத்திகை முடிந்து ரெடி ரெடி என்று குரல் கேட்டது, இரண்டாவது தாளை நான் ஓடிப்போய் ஸ்டாண்டில் வைத்தபோது சிவப்பு விளக்கு எரிய அரை நிமிஷம் இருந்தது. பெரிய ஆள்களெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள், இவள் முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்தாள். டேக்கில் யாரும் தானாக நிறுத்தக் கூடாது, சந்தேகம் வந்தாலும் தாளில் இருப்பதை வாசி, நிறுத்துவது மாஸ்டர் வேலை, அதுதான் ஹாலின் சட்டம். முதல் தாள் முழுக்க உச்சியில் போனது, கண்ணாடியைத் தட்டினது மாதிரி இருந்தது, தாள் மாறினது, தொப்பென்று கீழே இறங்கினாள், ஒரு பார், இரண்டு, மூன்று, நான்கு, கட் என்று மாஸ்டர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

எழுத வேண்டும், ஹெப்சி காத்திருக்கிறாள். எட்டைப் போடலாம் என்று பேனாவை வைத்தவன் பழைய எட்டை இன்னொரு தடவை பார்த்தேன், கறைக்குள் பாதி முழுகியிருக்கிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன், அது என் எட்டு இல்லை. நான் எட்டை இரண்டு சுன்னமாகப் போடுவேன், கீழே ஒரு பெரிய சுன்னம், மேலே ஒரு சின்னச் சுன்னம், பாளையங்கோட்டையில் இரண்டாம் வகுப்பில் பழகினது, வாத்தியார் அடித்தும் மாறவில்லை, முதல் தாளில் மூன்று இடத்தில் எட்டு இருக்கிறது, மூன்றும் இரண்டு சுன்னம். இது ஒரே இழுப்பில் போட்டது. மேலே வலது பக்கம் ஆரம்பித்து வளைந்து இறங்கி மறுபடி ஏறி, ஆரம்பித்த இடத்தில் சேராமல் தலை கொஞ்சம் திறந்தபடி நிற்கிறது. அவசரத்தில் அப்படி ஆகியிருக்கும், அவசரத்தில் யாருக்கும் கை மாறும், ஆனால் அவசரத்தில் எழுதின மற்றதெல்லாம் என் கையாகவே இருக்கிறதே, சுரத்தின் தலை, வால், பார் கோடு, எல்லாம் பட்டை நிப்பில் தடிமனாக, இந்த எட்டும் இதிலிருந்து போகிற கோடும் மட்டும் மெல்லிசாக, தலைமுடி மாதிரி. மெல்லிசு நிப்பு. எனக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு பேனாவை அவளுக்குக் கொடுத்திருந்தேன், வில் மேலே போக வேண்டியதையும் கீழே வர வேண்டியதையும் எல்லாரும் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள், அவள் மட்டும் அந்தப் பேனாவால் குறிப்பாள், வீட்டில் ஒரே மைப்புட்டி, அதே கறுப்பு. நான் எழுந்தேன். தாளோடு சமையலறைக்குப் போனேன், "என்னப்பா?" என்றாள் ஹெப்சி, "தண்ணி" என்றேன், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போன வருஷக் காலண்டர் இன்னும் தொங்குகிறது, கழற்ற மனசு வரவில்லை, சிலிண்டர் தீர்ந்தால் எங்கே போன் பண்ண வேண்டும் என்று அவள் ஓரத்தில் குறித்த நம்பர், அதில் இரண்டு எட்டு. தாளைப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டு எட்டுக்கும் தலை திறந்திருக்கிறது.

தண்ணீர் குடித்தேன் போலிருக்கிறது, டம்ளர் கையில் இருக்கிறது, மேஜைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இல்லை, இருக்காது, நான் எட்டைப் போட்டேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, முப்பத்தைந்து வருஷமாக நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன், சொன்னதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா, போட்டது ஞாபகம் இல்லையா. முதல் தாள் முடிந்தது, கடைசி வரியில் கோட்டைத் தாளின் விளிம்பு வரைக்கும் இழுத்தேன், கொக்கி போடாமல் விட்டேன், அது சரி, அதற்கப்புறம்? அதற்கப்புறம் என்ன செய்தேன்? தாளைக் காயவைத்தேன். எழுந்தேன். வராந்தாவில் டீ வந்திருந்தது, டீயோடு பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, சூடு, அந்தச் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது, ஒன்று தின்றேன், இன்னொன்றும் தின்றேன், கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து இரண்டாவது தாளை எடுத்தேன். பழைய தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், கீழ் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம், எண்ணெய், என் கட்டைவிரல். தாள் மாறின இடத்தில் எட்டு போடாமல் பஜ்ஜி தின்றுவிட்டு வந்து எழுதியிருக்கிறேன். ஒரு பார்ட்டிலும் தப்பு இருக்காது என்று பெயர் வாங்கினவன், முப்பது வருஷத்தில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் அவளுக்கு எழுதினதில், வேறு எவனுக்காவது எழுதினதாக இருந்திருக்கக் கூடாதா. இல்லை, எவனாக இருந்தாலும் அவன் எழுந்து நின்று, சாலமோன் எட்டு போடலை சார் என்று சொல்லியிருப்பான், நான் தலையைச் சொறிந்திருப்பேன், இரண்டு பேர் சிரித்திருப்பார்கள், அதோடு போயிருக்கும்.

அவள் சொல்லவில்லை. சோலோ ஏன் கீழே போச்சு என்று மாஸ்டர் கேட்டார், ரஞ்சி தாளைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைத் தேடினாள், கடைசிச் சுவரோரம் நான் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பார்வையை நான் எப்படி எடுத்துக்கொண்டேன், தப்புச் செய்துவிட்டு என்மேல் போடப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன், ஆமாம், என் பெண்டாட்டியைப் பற்றி அந்த ஒரு நொடியில் நான் அப்படி நினைத்தேன், நினைத்து எழுந்து நின்றேன், யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாக எழுந்தேன், "நான் எட்டு போட்டிருக்கேன் சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்கதான் பாக்கலை" என்றேன். அவங்கதான். வீட்டில் நீ வா போ என்பவன் அங்கே அவங்க என்றேன், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. வரதன் சார், "பார்ட்டக் கொண்டாம்மா" என்றார். அவள் உடனே வரவில்லை. குனிந்தாள். ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து என்னவோ செய்தாள், அழுகிறாள், கைக்குட்டை தேடுகிறாள் என்று நினைத்தேன், அழட்டும் என்று நினைத்தேனா, நினைத்தேன் போலிருக்கிறது, பிறகு எழுந்து பத்தடி நடந்து தாளைக் கொடுத்தாள், வரதன் சார் வாங்கிப் பார்த்து, "எட்டு இருக்குதேம்மா" என்றார், விரலைப் பார்த்துக்கொண்டு, "மைகூட இன்னும் காயலயே சாலமோன்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதல் வரி. தாளில் முதலில் எழுதினது முதல் வரி, கடைசி வரியே காய்ந்து கிடக்கிறது, ஒரு புள்ளிகூட இழுபடவில்லை, முதல் வரியில் மட்டும் எப்படி ஈரம் இருக்கும் என்று அறுபது பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, மையோடு பிழைத்த எனக்குத் தோன்றவில்லை. "சாரி சார். நான் கவனிக்கலை" என்றாள் ரஞ்சி. அடுத்த டேக்கில் உச்சியில் வாசித்தாள், அப்பழுக்கில்லாமல் வாசித்தாள், யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு சோலோ இல்லை. ஒரு வருஷத்தில் இரண்டாவது வரிசையும் இல்லை. கான்வென்டில் பிள்ளைகளுக்கு மியூசிக் டீச்சராகப் போனாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சௌகரியம் என்றாள், நானும் அதுதான் சரி என்றேன்.

ஏன் ரஞ்சி. அன்றைக்குச் சாயந்தரம் பஸ்ஸில் வரும்போது சொல்லியிருக்கலாம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய், வயலினை மடியில் வைத்துக்கொண்டு, நான் வழிநெடுக உபதேசம் பண்ணிக்கொண்டு வந்தேன், தாள் மாறும்போது முதலில் கண் மேலே போக வேண்டும், எட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வில்லை எடுக்க வேண்டும், நீ ம் ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாய். என் வேலை போய்விடும் என்று பயந்தாயா, கைக்குழந்தை இருக்கிறது, ஒருத்தர் வேலையாவது நிற்க வேண்டும் என்று நினைத்தாயா, அல்லது எழுந்து நின்று சொல்லிவிட்டேனே, அத்தனை பேர் முன்னால் நான் பொய்யனாகக் கூடாது என்றா. எதுவாக இருந்தாலும் ஐந்து வருஷம் கழித்துச் சொல்லியிருக்கலாம், பத்து வருஷம் கழித்து, ஹெப்சி கல்யாணத்தில், நான் சம்பந்தி வீட்டார் முன்னால் எட்டுக் கதையை அபிநயம் பிடித்துச் சொன்னேனே, குனிந்து கைக்குட்டை தேடினதையும் சேர்த்து, அப்போதாவது. ஆஸ்பத்திரியில் நீ சிரித்தாயே, என்ன நினைத்துச் சிரித்தாய், இந்த மனுஷனுக்கு இன்னும் தெரியவில்லை பார் என்றா. ஒரு கோபமாவது மிச்சம் வைத்திருந்தாய் என்றால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். இந்தத் தாளை நீ பத்திரமாக வைத்திருந்தது அந்தக் கோபம் என்று எடுத்துக்கொள்ளலாமா, இல்லை, தலைப்பில் உன் பெயர் இருக்கிறது, அதற்காகத்தான் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும், நான் பெயர் எழுதினதற்காக. ரெண்டு பேர் சேர்ந்தால் ஒண்ணு கணக்கில் வராது என்று நீதான் சொன்னாய். கண்ணாடியில் நீர் விழுந்து ஐந்து கோடும் பத்துக் கோடாகத் தெரிகிறது, தாளைத் தள்ளி வைக்கிறேன், நனைந்தால் இதுவும் போய்விடும்.

"அப்பா, சுருதி நின்னுடுச்சு. குடுங்க, இருக்கிற வரைக்கும் வாசிச்சுப் பாக்கறேன்" என்று ஹாலிலிருந்து குரல் வருகிறது, "ரெண்டே நிமிஷம்" என்கிறேன். நாளைக்கு இவள் எழுந்து நின்று, எங்கம்மா ஒரே ஒரு தடவை சோலோ வாசிச்சாங்க, அதுலயும் எட்டைக் கோட்டை விட்டாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்வாள், கோயிலே சிரிக்கும், அம்மா கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொல்வாள், நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உட்கார்ந்திருக்க என்னால் முடியும், அதுதான் பயமாக இருக்கிறது, முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு இன்னொரு நாள் பெரிசில்லை, யாருக்குத் தெரியப்போகிறது, இப்போது ஓர் எட்டைப் போட்டால் முடிந்தது, இரண்டு சுன்னம், ஒரு கோடு, பழைய தாள் எப்படியும் உதிர்ந்துவிடும். இவளிடம் என்ன வாயால் சொல்வது, உன் அம்மாவை நீ கேலி செய்யக் கற்றுக்கொண்டது என்னிடமிருந்து, அது பொய் என்று எப்படி ஆரம்பிப்பது. பேனாவைத் திறந்தேன். மேஜையில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு எழுதினேன், வரித் தொடக்கத்தில் வருகிற சாவிக்குறி, முதல் பார், இரண்டாவது பார், பழைய தாளில் என் கையெழுத்தில் எது இருக்கிறதோ அதை, என் கையெழுத்தில் இல்லாததை எழுதவில்லை, அன்றைக்கு எழுதின மாதிரியே, பதினான்கு பார், முதல் வரியின் தலைக்குமேல் வெறும் தாள். ஊதக்கூட இல்லை. கொண்டுபோய் அவள் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் தாள் உச்சியில் போனது. ஹெப்சி நன்றாகத்தான் வாசிக்கிறாள், அம்மா அளவுக்கு இல்லை, என்றாலும் நன்றாகத்தான், பிறகு தாளை மாற்றினாள், இறங்கினாள். ஒரு பார், இரண்டு, மூன்று, நான்கு, என் உடம்பு அங்கே கட் என்ற குரலுக்குக் காத்திருந்தது, குரல் வரவில்லை, இந்த வீட்டில் நிறுத்துவதற்கு ஆள் இல்லை. ஐந்தாவது பார் வந்தது. உச்சியில் இருந்தபோது அழகாக மட்டும் இருந்த மெட்டு, கீழே, பெண் பாடுகிற உயரத்தில், ரஞ்சி அரிசி களையும்போது வாய்க்குள் முனகுவாளே அந்த உயரத்தில், போய்க்கொண்டே இருந்தது, நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், ஏழாவது பாரில் வில் நின்றது.

"அப்பா, மொத தாள் கடைசில கோடு மூடலையே, லோகோவும் போடலை. இங்க எட்டு வரணுமோ?"

"வரணும்."

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"நீங்களா! அய்யய்யோ, சாலமோன் எட்ட விட்டுட்டாரு!" என்று சிரித்துக்கொண்டே வில்லோடு உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னப்பா?"

"இப்ப விட்டது இல்லம்மா. அன்னைக்கு." பழைய தாளை அவள் பக்கம் திருப்பி, கறைக்குள் இருந்த எட்டின் மேல் விரலை வைத்தேன். "இது யார் போட்ட எட்டுன்னு பாரு."

அவள் குனிந்தாள். வெகுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஸ்கூல் டைரியில், டிபன் பாக்ஸில் ஒட்டின சீட்டில், பரீட்சைக்குப் போகும்போது உள்ளங்கையில் எழுதிவிட்ட போன் நம்பரில் அவள் பார்த்து வளர்ந்த எட்டு. சமையலறைக் காலண்டர் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள், வில் அவள் மடியில் இருந்தது.

"அம்மாதான் போட்டாங்களா? எப்போ?"

"நான் எழுந்திரிச்சு அவங்கதான் பாக்கலைன்னு சொன்னப்புறம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெளியே தெருவில் கீரைக்காரி போனாள்.

"நாளைக்கு அந்தக் கதைய நீ சொல்லாத. நானே எந்திரிச்சுச் சொல்றேன்" என்றேன். "அன்னைக்கும் நான்தான எந்திரிச்சேன்."

ஹெப்சி தலையை ஆட்டினாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். "போடுங்க. எட்டப் போடுங்க."

"வேண்டாம்மா, எழுதியிருக்கிற மாதிரியே கடைசி வரைக்கும் வாசி. அம்மாவ நாலு பாரோட நிறுத்திட்டாங்க."